ஐந்து காசும் ஒரு ஜன்னலும்: படமுள்ள சீட்டு, படமில்லாத சீட்டு, வாசிப்பின் அதிகாரம்

1

டாரட் சீட்டைப் பற்றி இங்கே எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கக்கூடும். சோசியம் பார்ப்பதும் பார்க்கச் சொல்வதும் நம் வேலை இல்லை. எதிர்காலம் அட்டையில் அச்சாகியிருக்கிறது என்று நான் நம்பவும் இல்லை. என் அக்கறை வேறு. ஒரு குறி எப்படி அர்த்தம் பெறுகிறது, அந்த அர்த்தத்தை யார் யாருக்குச் சொல்லும் உரிமை பெறுகிறார் என்கிற கேள்வியைக் கவிதையிலும் நாவலிலும் வைத்துப் பேசிப் பேசிச் சலித்திருக்கிறோம். அதே கேள்வியை ஒரு மேசையின்மேல், கையளவு அட்டையில் வைத்துப் பார்க்க முடிகிறது. அதற்காகத்தான் இது.

சில மாதங்களுக்கு முன் ஒரு தோழியின் வீட்டில் நாலைந்து பேர் கூடியிருந்தோம். அவரிடம் இரண்டு கட்டுகள் இருந்தன. ஒன்று, 1909இல் லண்டனில் வெளியான ரைடர்-வெயிட் கட்டின் மறுபதிப்பு. இன்னொன்று, மார்செய் கட்டு என்று சொல்லப்படும் பழைய பிரெஞ்சு மாதிரி. கூட வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அப்போதுதான் வேலை போயிருந்தது. "சும்மா ஒரு சீட்டு எடும்மா" என்று தோழி முதல் கட்டை நீட்டினார். வந்தது காசு ஐந்து. கறுத்த வானம், கொட்டும் பனி. கிழிந்த துணியைப் போர்த்திக்கொண்டு வெறுங்காலோடு ஒரு பெண். பின்னால் கக்கத்தில் ஊன்றுகோல் வைத்து நொண்டி வரும் ஒருவன். அவர்கள் தலைக்குமேல் வெளிச்சமாக ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல். பார்த்த மாத்திரத்தில் அந்தப் பெண் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டார். "போதும்க்கா, தெரிஞ்ச கதைதான்" என்றார். தோழி வாயைத் திறக்கவே இல்லை. சொல்ல வேண்டியதைப் படம் சொல்லி முடித்திருந்தது.

தோழிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. சமாதானத்துக்காக இன்னொரு கட்டிலிருந்து அதே சீட்டைத் தேடி எடுத்துக் காட்டினார். மார்செய் கட்டின் காசு ஐந்து. நாலு மூலைக்கு நாலு காசு, நடுவில் ஒன்று, இடையில் கொடியும் பூவும். மனிதர்கள் இல்லை, பனி இல்லை, ஜன்னல் இல்லை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நடுவுல இருக்கறது யாரு?"

ஒரே சீட்டு. ஒன்று அவர் வாயை அடைத்தது, மற்றொன்று அவரைக் கேள்வி கேட்க வைத்தது. ஏன்?

2

விவரம் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். டாரட் கட்டில் 78 சீட்டுகள். அவற்றில் 22 பெருஞ்சீட்டுகள்: சூரியன், மரணம், பைத்தியக்காரன், தலைகீழாகத் தொங்குகிறவன் என்று தனித்தனிப் படங்கள். மீதி 56 சிறுசீட்டுகள். கோப்பை, வாள், தடி, காசு என்று நாலு இனம். ஒவ்வொரு இனத்திலும் ஒன்று முதல் பத்துவரை எண்ணிக்கைச் சீட்டு, பிறகு ராஜா, ராணி, குதிரைவீரன், சேவகன். நம் பிரச்சினை நடுவில் இருக்கும் அந்த நாற்பது எண்ணிக்கைச் சீட்டுகளைப் பற்றியது. மார்செய் வகைக் கட்டுகளில் அவற்றில் எண்ணிக்கை மட்டுமே உண்டு. நாம் ரம்மி ஆடும் கட்டில் டைமண்ட் ஐந்து எப்படியோ அப்படி. ரைடர்-வெயிட் கட்டிலும் அதன் வழிவந்த நூற்றுக்கணக்கான கட்டுகளிலும் அந்த நாற்பதும் நாற்பது காட்சிகள்.

எண்ணிக்கை மட்டும் இருந்ததற்குக் காரணம் ரகசியம் ஒன்றுமில்லை. இது விளையாட்டுச் சீட்டு. 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் ஆட்டத்துக்காகப் பிறந்தது. ஆடுகிறவனுக்குக் கையில் இருப்பது ஐந்தா ஆறா என்று ஒரு பார்வையில் தெரிந்தால் போதும். மரக்கட்டையில் செதுக்கி, தாளில் ஒற்றி, வெட்டுத் தகடு வைத்து வண்ணம் அடித்து விற்ற கைவினைஞர்களின் சரக்கு அது. சீட்டில் குறி பார்ப்பது பரவலானது 18ஆம் நூற்றாண்டில்தான் என்று விரிவாக நிறுவியவர் மைக்கேல் டம்மெட். 1980இல் இதற்கென்றே ஒரு பெரிய நூல் எழுதினார். அவர் மொழித் தத்துவவாதி, பிரிட்டனில் நிறவெறிக்கு எதிராகக் களத்தில் நின்றவர். இப்படிப்பட்ட ஒருவர் சீட்டாட்டத்தின் வரலாற்றில் இவ்வளவு காலத்தைச் செலவிட்டது நமக்கு ஒரு பாடம்.

1781இல் பாரிசில் கூர் த ஜெபலன் என்ற அறிஞர், இந்தச் சீட்டுகள் பழைய எகிப்தின் ஞான நூல் என்று எழுதினார். எகிப்திய எழுத்தை ஷாம்போலியன் படித்துக் காட்டியது 1822இல். அதாவது எகிப்தைப் படிக்க யாருக்கும் தெரியாத காலத்தில்தான் எகிப்து சீட்டுக்குள் படிக்கப்பட்டது. அதற்குப் பிறகு சாராயக்கடை மேசையில் கிடந்த சீட்டு 'மறைஞானப் பிரதி' ஆயிற்று. பிரதி என்றால் உரை வேண்டும். உரை என்றால் உரைகாரர் வேண்டும்.

3

படமுள்ள கட்டா, படமில்லாத கட்டா என்பதில் சீட்டு பார்ப்பவர்களிடையே இரண்டு கட்சிகள் இருக்கின்றன.

படக்கட்சி சொல்வது இது: காட்சி ஜனநாயகமானது. வாள் மூன்று என்றால் மார்செய் கட்டில் வளைந்த வாள் இரண்டு, நடுவில் நேர்வாள் ஒன்று; இதை வைத்துக்கொண்டு சாதாரண ஆள் என்ன செய்வான்? வெயிட் கட்டில் மழைமேகத்தின் முன்னால் ஒரு சிவந்த இதயத்தில் மூன்று வாள் பாய்ந்திருக்கிறது. படிப்பு வேண்டாம், குரு வேண்டாம், கண் இருந்தால் போதும்.

எண் கட்சி சொல்வது இது: காட்சி என்பது முடிவுசெய்து கொடுத்த அர்த்தம். அது வாசகரைச் சோம்பேறி ஆக்குகிறது. வெறும் எண்ணும் இனமும் கொண்ட சீட்டுதான் பன்முக வாசிப்புக்கு இடம் தருகிறது.

இரண்டையும் கேட்டால் நம் சிறுபத்திரிகைச் சண்டைகள் ஞாபகம் வருகின்றன. எளிமையா அருவமா, மக்களுக்குப் புரிவதா வாசகன் உருவாக்குவதா என்று எத்தனை வருடம் மல்லுக்கட்டினோம்! அங்கே நாம் செய்த தவறையே இந்த இரண்டு கட்சியும் செய்கின்றன. அதிகாரம் வடிவத்துக்குள் இருப்பதாக நினைக்கின்றன. படம் என்றால் விடுதலை, அல்லது எண் என்றால் விடுதலை. விஷயம் அவ்வளவு சுலபமா என்ன?

4

காசு ஐந்தையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பனியும் பிச்சையும் எங்கிருந்து வந்தன?

1888இல் லண்டனில் 'பொன் விடியல்' என்ற பெயரில் ஒரு ரகசிய மறைஞானச் சங்கம் தொடங்கப்பட்டது. அவர்கள் நாற்பது எண்ணிக்கைச் சீட்டுகளுக்கும் ஓர் அட்டவணை போட்டார்கள். யூத மறைஞான மரபின் பத்து நிலைகளை ஒன்று முதல் பத்துவரையான எண்களோடு பொருத்தினார்கள். ஐந்தாவது நிலை கடுமை. காசு என்றால் மண், பொருள். கடுமையையும் பொருளையும் கூட்டினால் கிடைத்த பட்டம்: பொருள்துன்பத்தின் அதிபதி. அட்டவணை சங்கத்து உறுப்பினர்களுக்கு மட்டும். ஆர்தர் எட்வர்ட் வெயிட் அந்தச் சங்கத்தில் இருந்தவர். ஓவியர் பமீலா கோல்மன் ஸ்மித்தும் இருந்தவர்தான்.

ஆக, கண் இருந்தால் போதும் என்று படக்கட்சி சொல்லும் அந்தக் காட்சியின் அடியில் கதவு சாத்திய அறை ஒன்றில் போடப்பட்ட அட்டவணை கிடக்கிறது. வரலாற்றை இயற்கைபோலக் காட்டுவதே தொன்மத்தின் வேலை என்று ரோலான் பார்த் 1957இல் எழுதினார். உரையை விழுங்கிவிட்டு, 'நான் வெறும் படம்' என்று நிற்கிறது சீட்டு. பார்த் 1964இல் இன்னொன்றும் சொன்னார்: படம் பல அர்த்தங்களில் மிதக்கும், கீழே போடும் வாசகம் அதை நங்கூரமிட்டு நிறுத்தும். இங்கே அது தலைகீழாகிறது. மிதப்பது எண், நங்கூரம் படம்.

இதற்குச் சாட்சி வெயிட்டே. கட்டோடு சேர்த்து அவர் எழுதிய விளக்க நூலின் படங்களுடன் கூடிய பதிப்பு 1911இல் வந்தது. அதில் காசு ஐந்துக்கு முதலில் பொருள்துன்பம் என்கிறார். பிறகு, சீட்டு பார்ப்பவர்களில் சிலருக்கு இது காதலின் சீட்டு, கணவன், மனைவி, சிநேகிதர், காதலி என்று பொருள் சொல்வார்கள் என்கிறார். இந்த இரண்டையும் ஒத்துப்போக வைக்க முடியாது என்றும் ஒப்புக்கொள்கிறார். புத்தகத்தில் இரண்டு அர்த்தங்கள் சண்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன. சீட்டில் ஒன்று ஜெயித்து உட்கார்ந்திருக்கிறது.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. குறுந்தொகைப் பாட்டின் கீழே 'தலைவி தோழிக்குச் சொன்னது' என்கிற மாதிரி ஒரு கூற்றுக் குறிப்பு இருக்கும். பாட்டு எழுதியவர் போட்டதல்ல, பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. அந்தக் குறிப்பு இல்லாமல் பாட்டைப் படித்தால் பேசுவது யார் என்றே பலசமயம் தெரியாது. குறிப்போடு படித்தால் வேறுமாதிரி படிக்கவே வராது. வகுப்பில் நாங்கள் குறிப்பை முதலில் படித்துவிட்டுத்தான் பாட்டுக்குப் போவோம், அப்படித்தான் பழக்கினார்கள். ஆனால் உரை மரபில் ஒரு நேர்மை இருந்தது. சில பாட்டுகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கூற்று சொல்லி, இன்னார் சொன்னதாகக் கொள்வதும் பொருந்தும் என்று விட்டுவைத்தார்கள். அந்த 'உம்' முக்கியம். உரை பாட்டுக்கு வெளியே, கீழே, தனி எழுத்தில் நிற்கிறது. அதனோடு நாம் சண்டை போடலாம். படத்துக்கு 'உம்' கிடையாது. பனி பெய்கிறது என்றால் பெய்கிறதுதான்.

5

இத்தோடு நிறுத்தினால் எண் கட்சிக்கு வக்காலத்து வாங்கியதாக ஆகிவிடும். நிறுத்த முடியாதபடி குறுக்கே நிற்கிறார் பமீலா கோல்மன் ஸ்மித்.

1878இல் லண்டனில் பிறந்தவர். சிறு வயதில் ஜமைக்காவில் வாழ்ந்தவர். அங்கே கேட்ட அனன்சிக் கதைகளை 1899இல் நூலாக்கினார். நாடகக் குழுவோடு அலைந்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்துக்குப் படம் வரைந்தார். நமக்கு நெருக்கமான ஒரு செய்தி: 1903-04இல் 'பச்சைக் கதிர்க்கட்டு' என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு சிறுபத்திரிகை நடத்தினார். கையால் வண்ணம் தீட்டிய பதின்மூன்று இதழ்கள், பிறகு நின்றுபோயிற்று. சிறுபத்திரிகையின் விதி எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போல.

1909இல் டாரட் கட்டை வரைந்து முடித்ததும் நியூயார்க்கில் இருந்த புகைப்படக் கலைஞர் ஸ்டீக்லிட்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். பெரிய வேலை ஒன்றை மிகச் சொற்பப் பணத்துக்கு முடித்திருப்பதாக அதில் சொல்கிறார். கட்டுக்கு ரைடர்-வெயிட் என்று பெயர் வந்தது. ரைடர் என்பது பதிப்பகம், வெயிட் என்பது வேலை கொடுத்தவர். வரைந்த கைக்குச் சீட்டின் மூலையில் ஒரு சிறிய முத்திரைக் கையெழுத்து மட்டும். 1951இல் கார்ன்வாலில் கடனோடு செத்துப்போனார்; கடனை அடைக்க அவர் பொருட்கள் ஏலம் போயின. 1971இல் அமெரிக்காவில் மறுபதிப்பு வந்து உலகமெங்கும் பரவியது. அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான் வெயிட்-ஸ்மித் கட்டு என்று சொல்லும் வழக்கம் வந்தது. பொருள்துன்பத்தின் சீட்டை வரைந்தவரின் பொருள்துன்பத்தை எந்த அட்டவணையும் கணக்கில் எடுக்கவில்லை.

பெருஞ்சீட்டுகளுக்கு வெயிட் விரிவான கட்டளை கொடுத்தார், சிறுசீட்டுகளை பெரும்பாலும் ஸ்மித்தின் கையில் விட்டுவிட்டார் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. சிறியவை என்பதால் அலட்சியம். முன்மாதிரியும் அதிகம் இல்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் செய்யப்பட்ட சோலா புஸ்கா கட்டில் மட்டும் எண்ணிக்கைச் சீட்டுகளிலும் உருவங்கள் உண்டு. அதன் புகைப்படங்கள் 1907இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தன. அங்கே இதயத்தில் பாய்ந்த மூன்று வாள் அப்படியே இருக்கிறது. ஸ்மித் பார்த்திருக்க வேண்டும். ஆனால் காசு ஐந்தின் பனியும் ஜன்னலும் அவருடையவை.

அந்த ஜன்னலைப் பார்ப்போம். வெயிட்டின் விளக்கம் சுருக்கமானது: பனிப்புயலில் இரண்டு பிச்சைக்காரர்கள் வெளிச்சமான ஒரு ஜன்னலைக் கடந்துபோகிறார்கள். அவ்வளவுதான். அவர் மாதாகோவில் என்று சொல்லவில்லை. ஸ்மித் வரைந்தது வண்ணக் கண்ணாடி. அதில் ஐந்து காசும் ஒரு மரத்தில் காய்த்ததுபோல இருக்கின்றன. பார்க்கிற எவரும் மாதாகோவில் என்றே நினைப்பார்கள். செல்வம் எல்லாம் கண்ணாடிக்குள், வெளிச்சத்தில். வெளியே இரண்டு பேர். வாசல் எங்கும் வரையப்படவில்லை. இதுதான் உரைகாரர் சொல்லாததும் ஓவியர் சொன்னதும். வெயிட்டுக்கு அது ஒருவரின் தலைவிதியில் வரும் கஷ்டகாலம். ஸ்மித்தின் கோட்டில் அது உள்ளே இருப்பவர்கள், வெளியே இருப்பவர்கள் என்கிற ஏற்பாடு. இன்னொன்று: பனியில் போகிறவர்கள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும். ஒத்துப்போகாது என்று வெயிட் கைவிட்ட அந்தக் காதலர் அர்த்தம், படத்தின் ஓரத்தில் நொண்டிக்கொண்டே கூட வருகிறது.

ஆகப் படம் உரையை விழுங்கியது உண்மை, முழுவதையும் அது செரிக்கவில்லை என்பதும் உண்மை. சொற்பக் கூலிக்கு வேலை செய்த கை, முதலாளி கவனிக்காத இடத்தில் தன் சாட்சியத்தை வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

6

எண் கட்சிக்கும் ஒரு வார்த்தை. வெறும் சீட்டு வெறுமையாக இருக்க யார் விட்டார்கள்? இடம் காலியாக இருந்தால் குரு வந்து உட்காருவார். மார்செய் கட்டை 1930இல் புதுப்பித்து வெளியிட்ட போல் மார்த்தோ, 1949இல் கோட்டுக்கும் நிறத்துக்கும்கூட அர்த்தம் சொல்லி ஒரு நூல் எழுதினார். 1997இல் திரைப்பட இயக்குநர் ஹொடொரோவ்ஸ்கியும் கமோயின் என்ற சீட்டுக் குடும்ப வாரிசும் சேர்ந்து 'அசல்' மார்செய்யை மீட்டுவிட்டதாக ஒரு கட்டை வெளியிட்டார்கள். மரக்கட்டை தேய்ந்து, அச்சு மாறி, ஊருக்கு ஊர் வேறுபட்டு வந்த ஒரு கைவினைச் சரக்குக்கு அசல் என்று எதைச் சொல்வது? அசல் வேண்டும் என்கிற ஆசைதான் குருவின் மூலதனம். படமுள்ள சீட்டில் பாமரருக்குக் குறைந்தபட்சம் எதிர்த்துப் பேச ஒரு படமாவது இருக்கிறது. வெறும் ஐந்து காசை முன்னால் போட்டு, 'ஐந்து என்றால் நிலைகுலைவு' என்று ஒருவர் சொன்னால், அவரை எதைக் காட்டி மறுப்பது?

இலக்கியத்தில் இரண்டு உதாரணம். 1922இல் வந்த எலியட்டின் 'பாழ்நிலம்' கவிதையில் குறி சொல்லும் பெண் எடுக்கும் சீட்டுகளில் ஒன்று மூன்று தடியோடு நிற்கும் மனிதன். பழைய கட்டுகளில் அப்படி ஒரு மனிதன் இல்லை. குறுக்கே போட்ட மூன்று தடிதான் உண்டு. மனிதனை அங்கே நிறுத்தியது ஸ்மித். கவிஞரோ தன் குறிப்பில், கட்டின் சரியான அமைப்பு தனக்குத் தெரியாது என்றும், அந்த மனிதனைத் தன் விருப்பப்படி மீனவ ராஜாவோடு சேர்த்துக்கொண்டதாகவும் எழுதினார். ஸ்மித்தின் பெயர் அங்கேயும் இல்லை. ஆனால் கவனியுங்கள்: படத்தை எடுத்துக்கொண்டு உரையைத் தூக்கிப்போட ஒரு வாசகரால் முடிந்திருக்கிறது.

மறுபக்கம் இதாலோ கால்வினோ. 1973இல் வந்த அவரது 'குறுக்கிடும் விதிகளின் கோட்டை' நாவலில் காட்டைக் கடந்து வந்த பயணிகளுக்குப் பேச்சு போய்விடுகிறது. சீட்டைப் பரப்பிக் கதை சொல்கிறார்கள். முதல் பகுதிக்கு 15ஆம் நூற்றாண்டு மிலான் கட்டு, இரண்டாம் பகுதிக்கு மார்செய் கட்டு. எண்ணிக்கைச் சீட்டில் காட்சி இல்லாத கட்டுகள் இரண்டும். பின்னிக் கிடக்கும் தடிகள் காடாகின்றன. ஒரே சீட்டு ஒருவர் கதையில் ஒன்றாகவும் குறுக்கே வரும் இன்னொருவர் கதையில் வேறொன்றாகவும் ஆகிறது. எண் கட்சியின் வேதநூல் என்றே சொல்லலாம். நானும் கொண்டாடித்தான் படித்தேன். இப்போது ஒன்று உறுத்துகிறது. பேச்சிழந்தவர்கள் சீட்டை வைக்கிறார்கள். அர்த்தம் சொல்வது கதைசொல்லி. 'இப்படித்தான் சொல்ல வந்திருப்பார் போல' என்று அவர்கள் சார்பில் அவர் பேசுகிறார். யாரும் மேசையைத் தட்டி 'நான் அதைச் சொல்லலைய்யா' என்று மறுக்க வழியில்லை. பிறருக்காகப் பேசுகிற நமக்கெல்லாம் இது கொஞ்சம் சுட வேண்டும்.

7

எனவே கேள்வியைப் படமா எண்ணா என்று கேட்பது பயனற்றது. உரை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அது தன்னை உரை என்று ஒப்புக்கொள்கிறதா, சீட்டு யாருக்காக எடுக்கப்பட்டதோ அவருக்கு மறுக்கும் உரிமை உண்டா என்று கேட்க வேண்டும். படம் உரையை ஒளிக்கிறது. எண் உரைகாரரை அழைக்கிறது. இரண்டிலும் எதிரே உட்கார்ந்திருப்பவர் ஊமையாக்கப்படலாம். இரண்டிலும் அவர் பேசவும் செய்யலாம். பேசத் தொடங்கும்போது மேசையில் இருக்கும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

அன்றைக்கு நடந்ததை முடித்துவிடுகிறேன். 'நடுவுல இருக்கறது யாரு' என்று அந்தப் பெண் கேட்டதும் தோழி அலமாரியில் இருந்த விளக்கப் புத்தகத்தை எடுக்க எழுந்தார். நானும் என் பங்குக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "இருங்க, நானே சொல்றேன்" என்றார் அந்தப் பெண். "மூலையில இருக்கற நாலு பேரும் நாங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்க முடியாது, நடுவுல அவன் நிக்கறான். என்னை எடுத்தப்ப மத்த மூணு பேருக்கும் ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்." பிறகு, கவிழ்த்து வைத்திருந்த முதல் சீட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தார். இந்த முறை அழுகை மாதிரி ஒன்றும் இல்லை. விரலால் அந்த ஜன்னலைச் சுற்றிக்கொண்டே வந்தார்.

"இதுக்கு வாசல் எங்கக்கா வச்சிருக்காங்க?" என்றார்.

புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை.